பாராசூட் படை... லாரியில் வந்துச்சு!

கமாண்டோன்னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடுது? கறுப்பு டிரெஸ், ஸ்லோமோஷன் நடை, ரெண்டு நிமிஷத்துல வில்லன் கோஷ்டி காலி... அதானே? ஆனா, பல நாட்டுச் சிறப்புப் படைகளுக்கு முன்மாதிரியான பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். படை, தன் முதல் பரீட்சையிலேயே படுதோல்வி!

வருஷம் 1941. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மனியின் ரோமெலிடம் பிரிட்டிஷ் ராணுவம் திணறிக்கொண்டிருந்த நேரம். டேவிட் ஸ்டிர்லிங் என்ற 25 வயது இளம் அதிகாரி ஒரு ஐடியா சொன்னார். 'நூத்துக்கணக்கில் ஆட்களை அனுப்பாதீங்க. நாலைஞ்சு பேர் போதும். ராத்திரியில் எதிரியின் விமானதளத்துக்குள் நுழைஞ்சு, நிற்கிற விமானங்களுக்குக் குண்டு வெச்சுட்டு வந்துடலாம்.' ஜூலையில் அனுமதி கிடைத்தது. கூடவே சுமார் 65 பேர்.

பெயரில்தான் செம காமெடி. எதிரியைக் குழப்புறதுக்காக, 'ஸ்பெஷல் ஏர் சர்வீஸ் பிரிகேட்'னு இல்லாத ஒரு பாராசூட் படையைப் பிரிட்டிஷ் உளவுத்துறை ஏற்கெனவே காகிதத்தில் உருவாக்கியிருந்தது. அந்த டூப் படையின் 'எல்' பிரிவு என்று இவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். ஆக, எஸ்.ஏ.எஸ். என்கிற பெயரே ஒரு பொய்தான்!

பயிற்சி, சூயஸ் கால்வாய்ப் பக்கம் கப்ரித் என்ற இடத்தில். குதித்துப் பழகியது எப்படித் தெரியுமா? ஓடுற லாரியிலிருந்து குதித்தார்கள். அக்டோபரில், பாராசூட்டை விமானத்தோடு இணைக்கிற கொக்கி கழன்றதில் இரண்டு வீரர்கள் இறந்துபோனார்கள். கொக்கியை மாற்றினார்கள். மறுநாள் முதல் ஆளாகக் குதித்தவர் ஸ்டிர்லிங்.

நவம்பர் 16 ராத்திரி முதல் தாக்குதல். புயல் வருதுன்னு எச்சரிக்கை வந்தும் 'போவோம்' என்று முடிவெடுத்தார் ஸ்டிர்லிங். ஐந்து விமானங்களில் 55 பேர். காற்று ஆட்களை ஆளுக்கொரு திசையில் வீசியது. பாலைவனத்தில் கொட்டிய மழையில் வெடிபொருட்கள் நனைந்தன. ஒரு விமானத்தைக்கூட அழிக்க முடியலை. போனவர்களில் பாதிக்கும் மேல் திரும்பி வரவில்லை. அந்த முடிவுக்கு விலை கொடுத்தது அந்தப் பையன்கள்தான். இதை மறந்துட்டு ஸ்டிர்லிங்குக்கு விசில் அடிக்க எனக்கு மனசு வரலை.

ஆனா, அடுத்து நடந்ததை நம்ம மாதிரி இன்ஜினீயரிங் பசங்க கட்டாயம் கவனிக்கணும். மிச்சமிருந்தவங்களைத் திரும்ப அழைத்து வந்தது, பாலைவனத்தில் லாரி ஓட்டுவதில் கில்லாடிகளான 'லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்'. சரி, திரும்பிவர முடிஞ்ச வண்டியிலேயே போகவும் முடியுமே! தப்பு ஐடியாவில் இல்லை. போன வழியில்தான் என்று புரிந்தது. பாராசூட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள்.

ஒரே மாதம்தான்! டிசம்பரில் தாமெத் விமானதளத்தில் பேடி மெய்ன் குழு 24 விமானங்களைக் காலி செய்தது. இவர் அயர்லாந்துக்காக ரக்பி ஆடியவர். அடுத்த வாரமே பில் ஃப்ரேசரின் ஐந்து பேர் குழு, அஜெதாபியாவில் 37 விமானங்களை முடித்தது.

கையில் இருந்த ஆயுதம்? ஜாக் லூயிஸ் தயாரித்த குட்டிக் குண்டு. வெடிக்கவும் வேண்டும், எரியவும் வேண்டும், ஒருத்தர் பல குண்டுகளைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் வேண்டும். கிடைத்த எதுவும் சரிப்படாததால், அரைக் கிலோகூட இல்லாத ஒன்றை அவரே பலமுறை சோதித்து உருவாக்கினார். அந்த டிசம்பர் கடைசியில், தாக்குதல் முடித்துத் திரும்பும் வழியில் விமானத் தாக்குதலில் லூயிஸ் இறந்தார். வயசு 28.

1943 ஜனவரியில் ஸ்டிர்லிங் பிடிபட்டார். படை நிற்கவில்லை. 1945-ல் கலைத்தார்கள்; 1947-ல் மறுபடி தொடங்கினார்கள்.

அடுத்த தடவை உங்க புராஜெக்ட் ஊத்திக்கிச்சுன்னா, உடனே டைட்டிலை மாத்தாதீங்க பாஸ். எந்தக் கொக்கி கழன்றதுன்னு முதல்ல பாருங்க!