நிறமா, வடிவமா?

விளையாட்டுக் கட்டைகளை வகைபிரிக்க உட்காரும் சிறுவர் பலர் முதலில் நிறத்தையே பற்றிக்கொள்கின்றனர். சிவப்பு ஒரு குவியல், நீலம் ஒரு குவியல், மஞ்சள் ஒரு குவியல் என்று வேலை விரைவில் முடிந்துவிடும். பெட்டிகள் அலமாரியில் வரிசையாக நிற்பது பார்வைக்கும் அழகுதான். மறுநாள் வீடு கட்டத் தொடங்கும்போதுதான் தொல்லை தெரியும்.

கூரையின் உச்சியில் வைக்க ஒற்றைக் குமிழ் உடைய சிவப்புத் துண்டு ஒன்று தேவைப்படுகிறது என்று கொள்வோம். சிவப்புப் பெட்டியில் எல்லாமே சிவப்பு. சிறிய துண்டு பெரிய கட்டைகளின் இடுக்கு வழியே அடியில் இறங்கிக் கிடக்கும். பெட்டியைத் தரையில் கவிழ்க்காமல் அது கிடைக்காது. மாறாக, ஒற்றைக் குமிழ்த் துண்டுகள் அனைத்தும், எந்த நிறமாயினும், ஒரே கிண்ணத்தில் இருந்தால் சிவப்பு தானே கண்ணில் படும். கண் நிறத்தை நொடியில் பிரித்தறிகிறது. ஒரே நிறக் குவியலுக்குள் வடிவத்தைத் தேடத்தான் திணறுகிறது. ஆகவே வடிவத்தைப் பெட்டியிலும் நிறத்தைக் கண்ணிடமும் விடுவதே தக்க முறை. சமையலறை இதை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. வெந்தயம், கடலைப்பருப்பு, மஞ்சள்தூள் ஆகிய மூன்றும் மஞ்சள் நிறமே என்று அஞ்சறைப்பெட்டியின் ஒரே அறையில் எவரும் கொட்டிவைப்பதில்லை.

இவ்வளவு அக்கறை இந்தக் கட்டைகளுக்குத் தேவையா எனச் சிலர் கேட்கக்கூடும். டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்னும் ஊரில், ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932ஆம் ஆண்டில் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அவர் நிறுவனமே பின்னர் லெகோ ஆயிற்று. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் டேனிய மொழிச் சொற்களிலிருந்து பிறந்த பெயர் அது. மேலே குமிழும் உள்ளே குழாயும் கொண்ட இன்றைய கட்டைக்கு 1958இல் காப்புரிமை கோரப்பட்டது. அந்த ஆண்டின் கட்டை இன்று வாங்கும் கட்டையோடும் பொருந்தும். ஒரே நிறத்தில் எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஆறு இருந்தால், அவற்றை 91,51,03,765 வகையாக இணைக்கலாம் எனக் கணித அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். அண்ணனுக்கு வாங்கியது தங்கைக்கும், பின்னர் அவள் பிள்ளைக்கும் பயன்படக்கூடிய பொருளைத் தொலைந்தால் தொலையட்டும் என்று விடலாகாது.

பணியிட மாற்றம் உள்ள குடும்பங்களில் இது இன்னும் முக்கியம். சண்டிகரிலிருந்து கொச்சிக்கோ, போபாலிலிருந்து குவாஹாத்திக்கோ வீடு மாறும் நாளில் பெரியவர்களுக்கு நேரம் இராது. உடைந்த வண்ணக்குச்சி, பேனா மூடி, ஒற்றைக் காலுறை ஆகியவற்றோடு கலந்து கிடக்கும் கட்டைக் குவியல் அவர்கள் கண்ணுக்குக் குப்பையாகவே தோன்றும். பழைய பொருள் வாங்க வருபவரின் மூட்டைக்குள் போய்விடும். புதிய ஊரில் பெட்டிகளைப் பிரிக்கும்போதுதான் பிள்ளைக்கு அது தெரியவரும். அந்த ஊரில் அப்போது அதற்குத் தோழர் எவரும் இருக்கமாட்டார். மூடியும் பெயர்ச்சீட்டும் உள்ள பெட்டிகளோ தவறாமல் லாரியில் ஏறிவிடும்.

இதற்கென்று விலையுயர்ந்த பெட்டி வேண்டியதில்லை. மூடியுள்ள இனிப்புப் பெட்டிகளும் ஐஸ்கிரீம் டப்பாக்களும் போதும். கட்டைகள் குறைவாயின் மூன்று, நான்கு வகைகளே மிகுதி. ஒரு துண்டைத் தேடுவதில் பொறுமை போகும்போது அந்தப் பெட்டியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். தரையில் பழைய போர்வையை விரித்து அதன்மேல் விளையாடினால், முடிவில் நான்கு முனைகளையும் தூக்கி அள்ளிவிடலாம். அழுக்கானவற்றை வெதுவெதுப்பான நீரில் கழுவி நிழலில் உலர்த்துவது நல்லது. கடும் வெயில் நிறத்தைக் கெடுக்கும். மூன்று வயதுக்குட்பட்ட தம்பி, தங்கை இருக்கும் வீட்டில் சிறு துண்டுகளின் பெட்டி உயரத்தில்தான் இருக்கவேண்டும். அவை தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

கலந்து கிடக்கும் குவியலில் கை விடும்போதுதான் புதிய எண்ணம் தோன்றும் என்பாரும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அவர்களுக்காகக் கலவைப்பெட்டி ஒன்றை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால், பிள்ளை பள்ளியில் இருக்கும்போது அம்மா பிரித்துவைப்பது மட்டும் கூடாது. எது எங்கே இருக்கிறது என்பது பிரித்த கைக்கே தெரியும்.

பெயர்ச்சீட்டுகளையும் பிள்ளையே, தமிழில், எழுதலாம். சக்கரம், கதவு, சாளரம், தட்டை என்பவை எளிதாக வந்துவிடும். ஒருபுறம் சாய்ந்த கட்டைக்குச் 'சரிவு' என்று எழுதுவதா, 'கூரை' என்று எழுதுவதா என்பதில் அண்ணனும் தங்கையும் சிறிது நேரம் வாதிடவேண்டியிருக்கும்.