எத்தனை கன்று நட்டீங்க என்பது இருக்கட்டும்... எத்தனை மரம் ஆச்சு?

தோழர்களே,

எந்தக் கட்சி பேஜைத் திறந்தாலும் மரக்கன்று நடும் போட்டோ இருக்கும். தலைவர் பிறந்தநாளா, ஆயிரம் கன்று. சுற்றுச்சூழல் தினமா, இன்னொரு ஆயிரம். ஆனா அதே குழி பக்கத்துல மூணு வருஷம் கழிச்சு நின்னு எடுத்த போட்டோவைப் பார்த்திருக்கீங்களா? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பர் 24-இல் தொடங்கியது. மாநிலத்தின் 23.7% பசுமைப் பரப்பை 10 ஆண்டுகளில் 33% ஆக்குவது இலக்கு. நல்ல இலக்கு, வரவேற்போம். ஆனா அதை எட்டினோமா என்று எதை வைத்துச் சொல்வது?

இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் வன நிலை அறிக்கை வெளியிடுகிறது. ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர் இடத்தில் மரக்கிளை நிழல் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், செயற்கைக்கோள் கணக்கில் அது 'வனப்பரப்பு'. என்ன மரம், யார் நிலம் என்ற கேள்வி கிடையாது. தென்னந்தோப்பும் சேரும், சீமைக்கருவேலங்காடும் சேரும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி மதுரைக் கிளையே உத்தரவு போட்டது. அதை வெட்டினால் அறிக்கையில் பசுமை குறையும். அதே இடத்தில் வேம்பும் புங்கையும் நட்டால், அவை கிளை விரித்து நிழல் கட்டும் வரை கணக்கிலேயே ஏறாது. சரியான வேலையைச் செய்கிற ரேஞ்சர் அறிக்கையில் தோற்றவராகத் தெரிவார். மேலிருந்து எடுக்கிற படம் மட்டும் போதாது என்று சொல்வது இதனால்தான். தரையில் டேப் பிடித்து அளந்த கணக்கும் வேணும்.

அந்தக் கணக்கு ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி உயரத்தில் மரத்தின் சுற்றளவை எடுக்கணும். உயரத்தையும் குறிக்கணும். அதே மரத்தைச் சில வருஷம் கழித்துத் திரும்ப அளக்கணும். வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக விழாது. அதனால வெட்டிப் பார்த்து வயசு சொல்ல முடியாது, திரும்பத் திரும்ப அளப்பதுதான் வழி. இப்படிச் சேர்ந்த டேட்டாவை வைத்து, எந்த மண்ணில் எந்த மரம் பத்து வருஷத்தில் எவ்வளவு பருக்கும் என்று கணிப்பதுதான் வளர்ச்சி மாடல். சட்டியில் இருந்தாத்தானே அகப்பையில் வரும்? டேட்டா இல்லாம மாடல் இல்லை.

1856-லேயே பர்மாவின் பெகு தேக்குக் காடுகளில் பிராண்டிஸ் என்ற அதிகாரி, மூங்கில் துண்டில் கத்தியால் வெட்டுப் போட்டு, சுற்றளவு வாரியாக மரங்களை எண்ணினார். எத்தனை மரம் வளர்கிறது என்று தெரிந்த பிறகே எத்தனை வெட்டலாம் என்று முடிவு செய்தார். இன்னிக்கு நம்ம கையில் ஜிபிஎஸ் வைத்த போன் இருக்கு!

அடுத்த விஷயம், வெளியூர் கணக்கு நம்ம ஊருக்குப் பொருந்தாது. அமெரிக்க வனத்துறை 1970-களில் ஒரு மலைப்பகுதிக்காகத் தொடங்கிய மாடலுக்கு இன்று 20 வட்டார வடிவங்கள் வரை இருக்கின்றன. ஒரே நாடுதான், ஆனா வட்டாரத்துக்கு ஒரு கணக்கு. மதுரையில் ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர், நிலம்பூரில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே தேக்கு வளர்கிற வேகத்தை வைத்து இங்கே திட்டம் போடலாமா? மதுரைக்குள்ளேயே திருமங்கலம் கரிசல் வேற, மேலூர் செம்மண் வேற. பெரியாறு கால்வாய்த் தண்ணி பாயும் ஊர் வேற, வானம் பார்த்த ஊர் வேற.

இதுல பணமும் இருக்கு. 1980-களில் சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய் உள்வாய்களில் நாட்டுக் கருவேலம் வளர்த்தார்கள். அந்த மரங்களை ஏலம் விட்டால் பஞ்சாயத்துக்கும் பங்கு உண்டு. ஒரு கண்மாயில் எத்தனை டன் விறகு நிற்கிறது என்று ஊருக்குத் தெரியலைன்னா, ஏலக்காரர் சொல்வதுதான் விலை. ஊர்ச் சொத்துக்கு ஊர் கையில் கணக்கு இருக்கணும்.

நமது கோரிக்கைகள்:

1. நட்ட ஒவ்வொரு இடத்துக்கும் மர வகை, தேதி, 1, 3, 5-ஆம் ஆண்டுகளில் உயிரோடு நிற்பவை, அவற்றின் சுற்றளவு என எல்லாமே தமிழில் இணையத்தில் வரவேண்டும்.

2. கரிசல், செம்மண், கண்மாய் உள்வாய், அழகர்மலை அடிவாரம் ஆகிய நான்கு இடங்களிலும் நிரந்தர அளவீட்டுத் திடல்கள் வேண்டும்.

3. கோவை வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனமும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் மதுரைச் சமவெளிக்கென வேம்பு, புங்கை, புளி, இலுப்பை, மருதுக்கு வளர்ச்சி அட்டவணை தரவேண்டும். அளக்கும் வேலைக்கு மதுரைக் கல்லூரி மாணவர்களைச் சேர்க்கலாம்.

4. ஒப்பந்தக்காரருக்கு நட்ட கன்றுக்கு அல்ல, நிலைத்த மரத்துக்குப் பணம்.

யார் ஆட்சி என்பது இங்கே பிரச்சனை இல்லை. ஒரு மரம் நிழல் தர ஆகும் காலத்தில் இரண்டு மூன்று தேர்தல் வந்து போயிரும். கணக்கு எழுதி வைத்தால்தான் அடுத்து வருகிறவரையும் கேள்வி கேட்க முடியும்.

தோழர்களே, அடுத்த முறை கன்று நடப் போகும்போது கையில் ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துட்டுப் போங்க. உங்க வார்டில் மூணு வருஷத்துக்கு முன்னாடி நட்ட ஒரு வரிசையைப் போய் அளங்க. நட்டது எத்தனை, நிற்பது எத்தனை, சுற்றளவு எவ்வளவு என்று கமெண்டில் போடுங்க. பட்டுப்போனதையும் மறைக்காம போடுங்க. மதுரை வெயிலுக்கு நிழல் தரப்போவது நிற்கிற மரம்தான், நட்ட கணக்கு இல்லை.

#நட்டது_எத்தனை_நிற்பது_எத்தனை
#மதுரை_மரக்கணக்கு