பயத்தோடயே ஆரம்பிக்கலாமே!

"பிள்ளைங்க தலையெடுத்தாச்சு. இனி நமக்குன்னு என்ன இருக்கு? இப்படியே ஓட்டிட வேண்டியதுதான்..."

சமீபத்தில் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது என் சிநேகிதி சொன்னது இது. சுற்றியிருந்த நாலைந்து பேரும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார்கள். 2021 வரை நானும் அப்படித் தலையாட்டியவள்தான். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

"உருப்படியா ஏதாவது செய்யணும்னு ஆசைதான். தைரியம் வர மாட்டேங்குதே" என்று நாம் எல்லோருமே சொல்கிறோம். ஆனால், காரியத்தில் இறங்கிய பிறகுதான் தைரியம் வரும் என்பது என் அனுபவம்.

நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நான் ஒன்பதாம் வகுப்பு. எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததோடு, பெண்களுக்கு சைக்கிள் விடவும் கற்றுக் கொடுத்தார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய ஊக்கம் தந்தார். கல் குவாரியில் வேலை செய்கிற அக்காக்கள், கிராம நர்சுகள், அங்கன்வாடி டீச்சர்கள் எல்லோரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால், பார் வைத்த ஆண்கள் சைக்கிள்! டீக்கடை பெஞ்சிலிருந்து வந்த கேலிப் பேச்சைக் கேட்டால் காது கூசும். ஆனாலும் முழங்கால் சிராய்ப்போடு மறுநாளும் வந்தார்கள். நாலு தடவை விழுந்து எழுந்த பிறகு வந்த தைரியம் அது.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த நான் என்ன செய்தேன் தெரியுமா? பி.எஸ்சி. கணிதம் முடித்து, கல்யாணமாகி, சர்டிபிகேட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். 23 வருஷம்! யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. "வேலைக்குப் போகாதே" என்றுகூட யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. கொரோனாவால் ஒன்றரை வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடம் போகாத, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித் தரவேண்டும். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை.

வீட்டில் மெதுவாகப் பேச்செடுத்தேன். "ஆயிரம் ரூபாய்க்காகவா? அதை நானே தர்றேனே" என்றார் என் கணவர். "விளக்கு வைக்கிற நேரத்துல ஊர்ப் பிள்ளைங்களைக் கூட்டி உட்கார வைக்கிறதா?" என்றார் மாமியார். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. காலையில் காபி கொடுக்கும்போது, "பேர் கொடுக்கப் போறேங்க. சாயங்காலம் அஞ்சுலேருந்து ஏழு மணி வரைக்கும் திண்ணையில இருப்பேன்" என்று சொல்லிவிட்டேன். கை நடுங்கி டபராவில் காபி தளும்பியது. என் வீரம் அவ்வளவுதான்!

முதல் நாள் பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள். நாலாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு 'மரம்' என்று படிக்க வரவில்லை. எனக்கு வியர்த்துக் கொட்டியது. சில மாதங்கள் கழித்து, பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அவனே ஓடி வந்து சொன்னான் பாருங்கள்... பீரோவில் இருந்த சர்டிபிகேட்டுக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் கிடைத்தது. எல்லாப் பிள்ளைகளும் அப்படித் தேறிவிடவில்லை. பாதியில் நின்றவர்களும் உண்டு.

வீட்டில் குடி முழுகிப் போகவில்லை. சாயங்காலக் காபியை என் கணவரே போட்டுக் கொள்கிறார். "இன்னிக்கு அந்தச் சின்னவன் ஏன் வரல?" என்று மாமியார் கேட்கிறார். எங்கள் மையம் பிறகு நின்றுவிட்டது. ஆனாலும் ஆறு பிள்ளைகள் இன்றும் திண்ணைக்கு வருகிறார்கள்.

வீட்டு வேலையை நான் மட்டம் தட்டவில்லை. கைக்குழந்தையையோ, படுக்கையில் இருக்கும் பெரியவர்களையோ கவனிப்பவர்களிடம் "வெளியே வா" என்று உபதேசம் செய்வது அநியாயம். அவர்களுக்கு வேண்டியது, தினம் ஒரு மணி நேரம் மாற்றிவிட ஒரு ஆள். வீட்டு ஆண்கள் இதைக் கவனிக்கட்டும்.

நேரம் இருந்தும் தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய சாதனையெல்லாம் வேண்டாம். விட்டுப்போன பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். கண் தெரியாத மாணவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டலாம். எதுவானாலும் முதலில் நாளைக் குறியுங்கள். வீட்டில் "செய்யட்டுமா?" என்று கேட்காமல், "செய்யப் போறேன்" என்று பக்குவமாகச் சொல்லுங்கள். முதல் நாள் சொதப்பினாலும் இரண்டாம் நாள் கட்டாயம் போங்கள்.

அந்தக் கல்யாண வீட்டில் சிநேகிதியிடம், "நீ நல்லாப் பாடுவியே. வர்ற வெள்ளிக்கிழமையே தெருப் பிள்ளைங்க நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடேன்" என்றேன்.

"பயமா இருக்குடி" என்றாள்.

"பயத்தோடயே ஆரம்பி" என்றேன். நீங்களும்தான், தோழிகளே!

- ஒரு வாசகி, திருச்சி.