நம் கூரைமேல் பொழியும் மின்

ஒடிசாவின் தால்ச்சேரில் வெட்டப்படும் கரி, பாரதீப்புத் துறைமுகத்திற் கப்பலேறி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறங்கி, உலையில் எரிந்து மின்னாகி, கம்பிவழியே நெடுந்தொலைவு நடந்துவந்து நம் வீட்டில் ஒரு விசிறியைச் சுழற்றுகின்றது. அவ்விசிறி சுழலும் வீட்டின் மொட்டைமாடியிலோ, ஆண்டில் ஏறத்தாழ 300 நாள் ஞாயிறு தன் ஆற்றலையெல்லாம் கொட்டிவிட்டுக் கொள்வாரின்றி மேற்கே சாய்கின்றது. வடகமும் மிளகாயும் உலர்த்துதற்கன்றி அவ்வெயிலுக்கு வேறு பயன் உண்டென்பதை நாம் இன்னும் நெஞ்சிற் கொண்டோமில்லை!

கதிரொளித் தகட்டின்மேல் ஒளி பட்டவுடன் நேர்மின் பிறக்கின்றது. சுவரிற் பதித்த ஒரு கருவி அதனை வீட்டுக்குரிய மாறுமின்னாக்குகின்றது. நிழல் விழாத ஏறத்தாழ 100 சதுர அடியில் ஒரு கிலோவாட்டுத் தகடு அமையும். அது நாளொன்றுக்கு நான்கு அலகு அளவில் மின் தரும். மூன்று கிலோவாட்டாயின் இரு திங்களில் 700 அலகு. நடுத்தரக் குடும்பத்துக்கு இது போதும். போதாத இரவுக்கு வாரியத்தின் கம்பி இருக்கின்றது. ஒன்றை மட்டும் முன்பே அறிந்துகொள்ளல் வேண்டும். மின்கலம் இணைக்காத அமைப்பு, ஊரில் மின் தடைப்படும்போது தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிர் காக்கவே அவ்வாறு செய்துள்ளனர். பொருத்தியபின் இதனை அறிந்து வருந்துவோர் பலர்.

முகவை மாவட்டத்துக் கமுதியில் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் தகடு விரித்து, 648 மெகாவாட்டு நிலையமொன்று 2016-இல் இயங்கத் தொடங்கியது. உலகமே வியந்தது, நாமும் வியந்தோம். ஆயின் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு மூன்று கிலோவாட்டென வைத்தால் அந்த 648 மெகாவாட்டும் 2,16,000 மாடிகளில் அடங்கிவிடும். சென்னையும் கோவையும் மதுரையும் சேர்ந்தால் இத்தனை மாடிகள் இல்லையா? பெருநிலையத்து மின் அலகுக்கு விலை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் மாடிக்கு நிலம் வேண்டா. நிலக்கரிக்காக நிலம் எடுப்பதன் கொடுமையை 2023 சூலையில், நெய்வேலியை அடுத்த வளையமாதேவியில், பச்சை நெற்பயிரின் நடுவே மண்வாரிப் பொறிகள் இறங்கியபோது நாடே கண்டது. அந்த உழவனின் கண்ணீரை எந்த விலைப்பட்டியலில் எழுதுவது?

தொழிற்கூடங்களின் நிலை வேறு. பட்டறை பகலில் ஓடுவது. ஞாயிறும் பகலில் எரிவது. இதைவிடப் பொருத்தம் வேறுண்டோ? இருந்தும், தன் கூரையில் விளைந்த மின்னைத் தானே துய்த்த சிறுதொழிலாளனிடமும் 'வலையமைப்புக் கட்டணம்' கேட்கப்பட்டது. கிணறும் அவனது, நீரும் அவனது, கயிற்றுக்கு மட்டும் வரி! தொழில் முனைவோர் குமுறியபின் 2023-இல் அது சிறுதொழில்களுக்குப் பாதியாகக் குறைக்கப்பட்டது. பாதி குறைத்ததற்கு நன்றி, விதித்ததே முறையன்று.

வீடுகளுக்கு நடுவணரசு 2024-இல் ஒரு திட்டம் கொணர்ந்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 உருபா, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000. பெயரோ, 'சூரிய கர் முப்து பிச்லி யோசனா'! இதனைக் கேட்ட நம் பாட்டி, ஏதோ வடநாட்டு இனிப்பென்று எண்ணாமல் என் செய்வாள்? பெயர் அயலதாயினும் பணம் நம் வரிப்பணமே. தயங்காது கேட்டுப் பெறுக. வேண்டுகோளைத் தமிழில் எழுதித் தருக.

மாடியில்லாத குடிசையினரும் வாடகை வீட்டினரும் என் செய்வர் என்று அன்பர் சிலர் கேட்கின்றனர். நேர்மையான கேள்வி. அவர்கட்கு மாடி தரவேண்டியது அரசு. ஒவ்வோர் ஊரிலும் பள்ளி உண்டு, ஊராட்சி மன்றக் கட்டடம் உண்டு. அவை பகலில் மட்டுமே மின் வேண்டுவன. கோடை விடுமுறையில் அதுவும் வேண்டாதன. வெயில் மிகக் கொளுத்தும் அத்திங்கள்களில் அம்மாடிகளில் விளையும் மின்னை, அவ்வூர்க் குடிசைகளின் கணக்கில் வரவு வைக்க மின்வாரியம் ஆணையிடுமாறு ஊர்தோறும் ஊராட்சிக் கூட்டங்களில் தீர்மானம் நிறைவேற்றுக.