முட்டையும் விஞ்ஞானக் கல்வியும்

தமிழ்நாட்டுச் சர்க்கார் பள்ளிகளில் மத்தியான உணவு கொள்ளும் பிள்ளைகளுக்கு முட்டை வழங்கப்பட்டு வருவதை நேயர்கள் அறிவார்கள். 1982-ம் வருஷத்தில் சத்துணவுத் திட்டம் தொடங்கிற்று. 1989-ல் அதில் முட்டை சேர்ந்தது. 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை உண்டு. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. இதனால் ஏழைக் குழந்தைகளின் தேகபுஷ்டிக்கு விளைந்த நன்மையை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் பள்ளியின் அடுப்பங்கரைவரை வந்துவிட்ட இந்த முட்டை, அங்கிருந்து பத்தடி தூரத்திலுள்ள விஞ்ஞான வகுப்புக்குள் எத்தனை பள்ளிகளில் நுழைகிறது என்பதே இன்று நாம் கேட்க விரும்பும் கேள்வி.

நியாயஸ்தலத்தில் கண்ணாரக் கண்டவன் சாட்சியத்துக்கு ஒரு மதிப்பு. பிறர் சொல்லக் கேட்டேன் என்பவன் சாட்சியத்துக்கு வேறு மதிப்பு. நமது வகுப்புகளிலோ இந்த முறை தலைகீழாக நடக்கிறது. புத்தகம் சொன்னதை உபாத்தியாயர் சொல்ல, உபாத்தியாயர் சொன்னதை மாணாக்கன் பரீட்சைத் தாளில் திருப்பிச் சொல்லுகிறான். மூவரில் ஒருவராவது விஷயத்தைக் கண்ணால் கண்டாரா என்று விசாரிப்பார் இல்லை. இதற்கு விஞ்ஞானக் கல்வி என்று பெயர் சூட்டுவது பொருந்தாது.

ஒரு முட்டை என்னென்ன கற்பிக்கும் என்று பார்ப்போம். கண்ணாடிக் குவளையில் முட்டையை வைத்து, அது மூழ்குமளவு வினிகர் ஊற்றினால், சிறிது நேரத்தில் ஓட்டின்மீது குமிழிகள் முத்துக் கோத்தாற்போல் நிற்கும். முட்டை ஓட்டில் 100-க்கு 90 பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லும் அதுவே. வினிகரிலுள்ள அமிலம் அதைக் கரைக்கிறது. குமிழியாக எழுவது கரியமிலவாயு. ஒன்றிரண்டு நாளில் ஓடு மறைந்து, மெல்லிய சவ்வுப் பைக்குள் மஞ்சட்கரு நிழலாடக் காணலாம். அந்த முட்டையைத் தண்ணீரில் இட்டால் பருக்கிறது; ஆறிய வெல்லப்பாகில் இட்டால் சுருங்குகிறது. செடியின் வேர் நீரை உறிஞ்சுவது எங்ஙனம், உப்பிலிட்ட மாங்காய் ஏன் வாடுகிறது என்னும் இரண்டு கேள்விக்கும் விடை அந்தச் சவ்வில் இருக்கிறது.

இனி, தண்ணீரில் மூழ்கும் புதுமுட்டையை எடுத்துக்கொள்வோம். லிட்டர் தண்ணீருக்கு 100 கிராமுக்கு மேல் உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் அது மேலே எழும்பி மிதக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராமே உப்பு. ஆகவே அதில் புதுமுட்டை மூழ்கிவிடும். நாட்பட்ட முட்டை நல்ல தண்ணீரிலேயே மிதப்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளின் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்றறை பெரிதாவதே அதற்குக் காரணம். அவித்த முட்டையைத் தரையில் சுழற்றினால் சீராகச் சுழலும். பச்சை முட்டை தள்ளாடும். சுழலும் பச்சை முட்டையை விரலால் ஒரு கணம் நிறுத்தி விட்டுவிட்டால், அது தானே மறுபடியும் சுழலத் தொடங்கும். ஓடு நின்றாலும் உள்ளிருக்கும் திரவம் நிற்கவில்லை! நியூட்டனின் முதல் விதியை நூறு முறை உருப்போட்டவனுக்குக் கிட்டாத தெளிவு, இதை ஒரு முறை கண்டவனுக்குக் கிட்டும்.

இவை யாவற்றினும் முக்கியமான பரிசோதனை வேறொன்று உண்டு. முட்டையைவிடச் சற்றே குறுகிய வாயுள்ள ஒரு கண்ணாடிச் சீசாவில் எரியும் காகிதத்தைப் போட்டு, ஓடுரித்த அவித்த முட்டையை அதன் வாயில் வைத்தால், தீ அணைந்ததும் முட்டை உள்ளே இழுபட்டாற்போல் விழுந்துவிடும். பல புத்தகங்கள் இதற்குக் கூறும் காரணம், தீயானது பிராணவாயுவைத் தின்றுவிட்டதால் வெற்றிடம் உண்டாயிற்று என்பது. அந்தக் காரணம் பிழை. பிராணவாயு செலவாவது மெய்தான். ஆயினும் அதற்கு ஈடாகக் கரியமிலவாயுவும் நீராவியும் உண்டாகின்றன. உண்மையில் நிகழ்வது வேறு. சூட்டினால் விரிந்த காற்றில் ஒரு பகுதி முதலில் வெளியேறுகிறது. அப்போது முட்டை சீசாவின் வாயில் துள்ளுவதையும் காணலாம். தீ அணைந்து உள்ளே காற்றுக் குளிர்ந்ததும் அதன் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றோ சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ வீதம் அழுத்துவது. அதுவே முட்டையை உள்ளே தள்ளுகிறது.

இதை நாம் சொல்வதால் நம்ப வேண்டுவதில்லை. தீயே இல்லாமல், சீசாவில் வெந்நீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு முட்டையை வைத்துப் பாருங்கள். உள்ளே சூடும் ஆவியும் தணியத் தணிய முட்டை உள்ளே போகும். தீ இல்லாதபோதும் முட்டை உள்ளே போகுமாயின், தீ பிராணவாயுவைத் தின்றதே காரணம் என்னும் வாதம் நிற்குமா? பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வெந்நீரையும் ஒரு முட்டையையும் கொண்டு அச்சிட்ட புத்தகத்தைக் குறுக்கு விசாரணை செய்து அதன் பிழையைக் காட்டிவிடுகிறான். சொன்னவர் யார் என்று பாராமல், சொன்னது மெய்யா என்று பார்க்க அன்று அவன் கற்கிறான். இந்தப் பழக்கத்தைப் பெற்றவனை நாளை வதந்தியும், வேஷதாரியும், பொய் விளம்பரமும், தேர்தல் மேடைப் பிரசங்கமும் எளிதில் ஏமாற்ற முடியாது.

பெரிய கருவிகள் இருந்தாலன்றி விஞ்ஞானம் கற்பிக்க இயலாது என்பது வெறும் சாக்கு. புத்தகம் தைக்கும் தொழிலாளியாக வாழ்க்கை தொடங்கிய மைக்கேல் பாரடே, 1860-61-ல் லண்டனில் சிறுவர்களுக்கு நிகழ்த்திய பிரசங்கங்களில், ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டே ரசாயன சாஸ்திரத்தின் பெரும்பகுதியை விளக்கினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் சி.வி. ராமன், 1928-ல் உலகம் வியந்த தமது கண்டுபிடிப்புக்குச் சூரிய ஒளியையும், நிறக் கண்ணாடிகளையும், தம் கண்களையுமே முதலில் துணைக்கொண்டார்.

இதற்குக் கூறப்படும் ஆட்சேபங்களையும் கவனிப்போம். ஏழைப் பிள்ளையின் உணவை வீணாக்குவதா என்பர் சிலர். பிள்ளைகளின் பங்கில் கைவைக்க நாம் சொல்லவில்லை. வகுப்புக்கு ஒன்றிரண்டு முட்டை தனியே வாங்குவது சர்க்காருக்குப் பெரும் பாரம் அன்று. சமையற்கட்டில் எறியும் ஓடே வினிகரில் குமிழி விடும். முட்டையைத் தொட மனமில்லாத பிள்ளையை வற்புறுத்தலாகாது. உப்புநீரில் உருளைக்கிழங்கு மிதக்கும், தண்ணீரில் உலர்ந்த திராட்சை பருக்கும். பச்சை முட்டையில் நோய்க்கிருமி இருக்கக்கூடுமாதலால் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். பரிசோதித்த முட்டையை உண்ணலாகாது. தீயை உபாத்தியாயரே கையாள வேண்டும். பாடத்தை முடிக்க நேரமில்லை என்னும் ஆட்சேபமே வலுவானது. ஆனால் அந்தக் குற்றம் உபாத்தியாயருடையதன்று; மனப்பாடத்துக்கு மட்டுமே மார்க்குக் கொடுக்கும் பரீட்சை முறையினுடையது.

பரீட்சையை மாற்ற முடியுமா? முடியும் என்பதற்கு நம் தேசத்திலேயே அத்தாட்சி உண்டு. மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் என வழங்கும் ஹோஷங்காபாத் ஜில்லாவில், 1972-ல் 16 கிராமப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கிற்று. அக்கம்பக்கத்தில் கிடைக்கும் எளிய பொருள்களைக்கொண்டு மாணாக்கரே பரிசோதனை செய்து பாடத்தைக் கண்டறிந்தனர். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பரீட்சை எழுதினர். செய்முறைப் பரீட்சையும் இருந்தது. அது நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவி முப்பது வருஷம் நடந்தது. 2002-ல் அந்த மாகாணச் சர்க்கார் அதை நிறுத்திவிட்டது. வருந்தத்தக்க முடிவு அது! ஆனால் கிராமத்துப் பள்ளியாலும் இது கூடும் என்பதை அந்த முப்பது வருஷங்கள் ஐயத்துக்கிடமின்றி நாட்டிவிட்டன.

விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று நமது அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவு கூறுகிறது. 1976-ல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. கடமையை ஏட்டில் எழுதிவிட்டு, அதைப் பயிலும் வாய்ப்பைப் பிள்ளைகளுக்கு அளியாதிருப்பது முறையாகுமா? பணக்காரர் வீட்டுப் பிள்ளை பயிலும் பள்ளியில் பரிசோதனைச் சாலை இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைக்கு அந்த வசதி வரும்வரையில், ஒரு முட்டையும் ஒரு சீசாவும் கூடவா அரிதாக வேண்டும்?

ஆகவே, நடுத்தர வகுப்புகளில் வாரம் ஒரு விஞ்ஞான வகுப்பையேனும் மாணாக்கர் கைப்படச் செய்யும் பரிசோதனைக்கு ஒதுக்கவும், அதற்கு மார்க்கு வழங்கவும், செலவுக்குச் சிறு தொகை அளிக்கவும் கல்வி இலாகா உத்தரவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். உத்தரவு வரும்வரை நம் நேயர்கள் கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இருக்கின்றன. ஊர்ப் பொதுக்காரியங்களில் ஈடுபட்டுள்ள அன்பர்கள் அக்குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வி எழுப்பட்டும்: "இந்த மாதம் நம் பிள்ளைகள் தங்கள் கையால் என்ன பரிசோதனை செய்தார்கள்?" விடை கிடைக்கும்வரை அதை மாதந்தோறும் கேட்பது அவர்கள் கடமை.