பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரு பெயர் போதுமா?

கரம்பொனில் நான் சிறுவனாக இருந்த காலத்தில் ‘மலாயாப் பென்சனியர்’ என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது. நாற்சார வீடு, சாய்மனைக் கதிரை, மாதம் தவறாத ஓய்வூதியம் எல்லாம் அச்சொல்லுக்குள் அடக்கம். அந்தப் பெரியவர்களின் பேச்சில் அடிக்கடி வந்த பெயர் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ். “எங்கட ஆக்கள் உண்டாக்கின இடம்” என்பார்கள். பிற்காலத்தில் பத்திரிகையாளனாக அவ்வீதிகளில் நடந்தபோதுதான் அது பாதி உண்மை என்பது புரிந்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோலாலம்பூருக்குச் செங்கல் தந்த சூளைகளால் வந்த பெயர் அது. பின்னர் புகையிரதத் திணைக்களம் வந்தது. மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தவர் எழுதுவினைஞர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் சென்றனர். ஸ்கொட் வீதியில் கந்தசுவாமி கோயில் எழுந்தது. ஆனால், 1894இல் சங்கம் அமைத்த சிங்களவரின் பௌத்த மகா விகாரையும் அதே பகுதியில்தான் இருக்கிறது. 1904இல் கட்டப்பட்ட விவேகானந்தா ஆச்சிரமம், தமிழ் லுத்தரன் தேவாலயம், மலையாளிகளின் சிரியன் தேவாலயம், சீனக் கோயில், பார்வையற்றோர் சங்கம் ஆகிய அனைத்தும் நடந்து செல்லும் தூரத்துக்குள் உள்ளன. இலங்கையில் எட்டாத அயலுறவு அங்கே அன்றாட வாழ்வாக இருந்திருக்கிறது.

2010ஆம் ஆண்டு ஒக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் இருவரும் சேர்ந்து இவ்விடத்தை ‘லிட்டில் இந்தியா’ எனத் திறந்துவைத்தனர். வளைவுகளும் வண்ணங்களும் வந்தன. வியாபாரத்துக்கு அது உதவியிருக்கலாம். எனினும் இத்தனை சமூகங்கள் சேர்ந்து வளர்த்த இடத்துக்கு ஒரே நாட்டின் பெயரைச் சூட்டுவது வரலாற்றைச் சுருக்குவதாகும். பழைய புகையிரத முற்றத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் இயங்கத் தொடங்கியது; ஊழியர் வாழ்ந்த ‘நூறு குவாட்டர்ஸ்’ வீடுகளும் இடிக்கப்பட்டுவிட்டன. கட்டடம் போன பின் பெயரும் போனால் மிஞ்சுவது எது?

பிறரைக் குறைகூறும் முன் நம்மையும் பார்க்க வேண்டும். தோட்டங்களில் உழைத்த தமிழரிடமிருந்து நம்மவரில் பலர் விலகியே நின்றனர். “நாங்கள் சிலோன்காரர்” என்ற பெருமிதத்தில் வேலியும் இருந்தது. அந்த வேலியைத் தாண்டிச் சிந்தித்தவர் கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், 1966இல் முதலாவது உலகத் தமிழ் மாநாட்டை அதே கோலாலம்பூரில் கூட்டினார். எல்லைகளற்ற தமிழுறவை அவர் நாடினார்.

போரினால் கரம்பொனும் வெறுமையானது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் நம் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தெருக்களில் நமக்கு முன்னர் கடை வைத்திருந்தவர் யார், இன்று அடுத்த கதவில் இருப்பவர் யார் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். “எங்கட ஆக்கள் உண்டாக்கின இடம்” என்று மட்டும் சொல்லி வளர்க்க வேண்டாம்.