அடுப்பெரியும் வீடே நம் கடைக்கு ஆதாரம்

வணிகப் பெருமக்கள் நாலு பேர் ஒன்று கூடினால் இப்போதெல்லாம் ஒரே பேச்சுத்தான்: "வியாபாரம் முன்போல் இல்லை." காரணம் கேட்டால் வரிசையாகச் சொல்கிறோம். பெரிய அங்காடிகள் வந்துவிட்டன. கைபேசியில் சொன்னால் சில நிமிடங்களில் வாசலில் கொண்டுவந்து போடும் கம்பெனிகள் வந்துவிட்டன. வாடகையும் மின்கட்டணமும் ஏறிவிட்டன. எல்லாம் உண்மையே. இவற்றை எதிர்த்து நாம் குரல் கொடுப்பதும் நியாயமே. ஆனால் நாம் அதிகம் பேசாத காரணம் ஒன்று உண்டு. நம் தெருவிலுள்ள வீடுகளில் அடுப்பு எரிகிற நேரம் குறைந்து வருகிறது. சமையல் குறைந்த வீட்டில் சாமான் சீட்டும் சுருங்கிப் போகிறது. இதைப் பற்றி நாம் சற்று ஆழமாகச் சிந்திக்க வேண்டும்.

சாதாரணமான ஒரு பூசணிக்காய்க் கூட்டை எடுத்துக்கொள்வோம். விருந்துச் சமையல் இல்லை. எந்த வீட்டிலும் அரைமணி நேரத்தில் ஆகக்கூடியது. காய்கறிக் கடையிலிருந்து வருவது பூசணிக்கீற்று, தேங்காய், கறிவேப்பிலை. மற்றவை எங்கிருந்து வருகின்றன? பாசிப்பருப்பு, மஞ்சள்தூள், சீரகம், மிளகாய் வற்றல், உப்பு, எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம். ஆக ஒன்பது சாமான்கள் நம் கடையிலிருந்து போகின்றன. ஒரே ஒரு கூட்டுக்கு ஒன்பது டப்பா திறக்கப்படுகிறது. டப்பா காலியானால் மறுபடி நம் கடைக்குத்தான் வர வேண்டும்.

அதே வீட்டில் அன்று மாலை ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் என்ன ஆகிறது? போவது ஒரே சாமான். அதன் விலையைக் கம்பெனி அச்சடித்து அனுப்புகிறது. நமக்கு எவ்வளவு கழிவு என்பதையும் கம்பெனியே முடிவு செய்கிறது. அந்தப் பாக்கெட் நம்மிடம் கிடைத்தாலும் ஒன்றுதான், பெரிய அங்காடியில் கிடைத்தாலும் ஒன்றுதான். வாடிக்கையாளர் நம்மைத் தேடி வரவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் நல்ல துவரம்பருப்பு எது, இந்த வருடத்துப் புளி எது என்று கேட்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர்தான் மளிகைக் கடைக்காரர். சமைக்கிற வீடு நம் வாடிக்கை. பாக்கெட் பிரிக்கிற வீடு கம்பெனியின் வாடிக்கை. நாமும் பாக்கெட் விற்கத்தான் செய்கிறோம், விற்கத்தான் வேண்டும். ஆனால் அதையே நம்பிக் கடை நடத்த முடியாது.

இதைச் சொல்லுவதற்கு இந்தப் பருவத்தைவிட நல்ல பருவம் கிடையாது. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது நம் மரபு. பங்குனி பிறந்ததுமே சந்தை நிறம் மாறிவிடுகிறது. கார்த்திகை, மார்கழியில் தொட முடியாத விலையில் இருந்த முருங்கைக்காய் இப்போது கட்டுக்கட்டாக வந்து இறங்குகிறது. மாங்காய் வருகிறது, வெள்ளரிப்பிஞ்சு வருகிறது, பலாப்பிஞ்சு வருகிறது. வேப்பம்பூ காசில்லாமலே மரத்தடியில் உதிர்ந்து கிடக்கிறது.

காய்கறிக்கு மட்டுமல்லாமல் மளிகைக்கும் இதுவே புதுவரவுக் காலம் என்பதை நம்மில் பலர் வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்வதே இல்லை. சம்பா அறுவடைக்குப் பின் காவிரிப் படுகை வயல்களில் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரையில்தான் களத்துக்கு வருகின்றன. புதுப்புளி மாசி, பங்குனியில் வருகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளும், 2023-இல் அதே குறியீட்டைப் பெற்ற விருதுநகர் சம்பா வத்தலும் ராமநாதபுரம் முண்டு மிளகாயும் புதுச்சரக்காக மண்டிகளுக்கு வருவது இந்த மாதங்களில்தான். நம் தாய்மார்கள் வருடப் புளியும் வருட மிளகாயும் வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து எடுத்து வைத்தது சும்மா அல்ல. புதுச்சரக்கும் நல்ல வெயிலும் ஒன்றாக வரும் காலம் இது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்தப் புதுக் காயும் புதுப் பருப்பும் சேர்ந்தால் எளிய சமையலுக்குப் பஞ்சமில்லை. முருங்கைக்காய்ச் சாம்பார், மாங்காய்ப் பருப்பு, சுரைக்காய்க் கூட்டு, பாசிப்பருப்புத் தூவிய முருங்கைக்கீரைப் பொரியல், வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடி, வேப்பம்பூ ரசம், காலையில் மோர் ஊற்றிக் கரைத்த கம்பங்கூழுடன் சின்ன வெங்காயம். எதற்கும் பெரிய செலவு கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரிக்க வேண்டியதும் கிடையாது. இந்தியாவின் முயற்சியால் 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஆண்டு முடிந்ததோடு நம் கடைகளில் கம்பும் கேழ்வரகும் மறுபடி பின்வரிசைக்குப் போய்விடக் கூடாது.

இது உடல்நலத்துக்கு உகந்த உணவு என்பதை நாம் விளம்பரத்துக்காகச் சொல்லவில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகளில், நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குக் காய்கறி, கீரை 400 கிராம், பழம் 100 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம் என்று அளவு கொடுத்திருக்கிறார்கள். அசைவம் சாப்பிடுவோர் பருப்பில் ஒரு பகுதிக்கு ஈடாக மீன், முட்டை, இறைச்சி சேர்த்துக்கொள்ளலாம். இதை நம் தராசில் வைத்துப் பார்ப்போம். பெரியவர்கள் நால்வர் உள்ள சைவக் குடும்பத்துக்கு ஒரு நாளைக்குப் பருப்பு 340 கிராம். முப்பது நாளைக்கு 10 கிலோ 200 கிராம். நம் பற்று நோட்டைப் புரட்டிப் பார்த்தால், மாதம் பத்துக் கிலோ பருப்பும் பயறும் வாங்குகிற குடும்பம் எத்தனை தேறும்? மக்கள் சாப்பிட வேண்டிய அளவு பருப்பை வாங்கவில்லை என்பது ஊட்டச்சத்துக்காரர்களின் கவலை மட்டுமல்ல. அது நம் கடையில் நடக்காமல் போன வியாபாரமும் ஆகும்.

அதே அளவுகோல் நமக்கு எதிராகவும் பேசுகிறது என்பதை மறைக்க மாட்டோம். எண்ணெயும் கொழுப்பும் நாளைக்கு 27 கிராம் போதும் என்கிறார்கள். நால்வருக்கு மாதம் மூன்றேகால் கிலோவுக்குள் அடங்கிவிடும். உப்பு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அப்படியானால் அதே நால்வருக்கு மாதம் 600 கிராம் உப்புத்தான். எண்ணெயும் உப்பும் குறைவாகப் போனால் போகட்டும். சர்க்கரை வியாதியாலும் இரத்தக் கொதிப்பாலும் நம் வாடிக்கைக் குடும்பங்கள் ஆஸ்பத்திரிக்குச் செலவழிக்கும் பணம் மளிகைச் செலவில் வெட்டி எடுத்த பணம். வாடிக்கையாளர் ஆரோக்கியமாக இருந்தால்தான் நம் கடைப் பற்றும் ஒழுங்காக வரவாகும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. அடுத்து மே மாதத்தில் சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டே மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்தது. ஊர் மக்கள் தேடி வந்தது தெருமுனை மளிகைக் கடையைத்தான். முகக்கவசம் கட்டிக்கொண்டு, நோய்ப் பயத்தையும் பொருட்படுத்தாமல் நாம் சாமான் கட்டிக் கொடுத்தோம். அந்தக் கொடிய காலம் மீண்டும் வர வேண்டாம். ஆனால் சமைக்கும் வீட்டுக்கும் மளிகைக் கடைக்கும் உள்ள உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதை அந்த நாட்கள் நமக்குக் காட்டிவிட்டன.

அந்த உறவைக் காப்பாற்ற நாம் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, சரக்கின் தரம். வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் நாள்பட்டுக் கிடந்த துவரம்பருப்பு எவ்வளவு நேரம் வெந்தாலும் குழையாது. இரண்டு முறை பருப்பு வேகாமல் போனால், அந்த வீட்டு அம்மாள் சமையலையே வெறுத்துப் போவார். மூன்றாம் முறை வேறு கடைக்குப் போவார். ஆகவே புதுமூட்டையைப் பழைய மூட்டையோடு கலக்கக் கூடாது. முன்னால் வந்த சரக்கு முன்னால் தீர வேண்டும். பழையதாக இருந்தால் "இது பழைய பருப்பு, இரவே ஊறப்போடுங்கள், விலை குறைத்துத் தருகிறோம்" என்று வாய்விட்டுச் சொல்வோம். இதில் மொத்த வியாபாரிகளுக்கும் பொறுப்பு உண்டு. மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும்கூடத் துவரை வந்து இறங்குகிற காலம் இது. சரக்கு எந்த ஊருடையது, எந்த மாதம் மில்லில் உடைத்தது என்ற விவரத்தைச் சில்லறை வியாபாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, கலப்படம். பருப்புக்கு மஞ்சள் சாயம், மிளகுக்குப் பப்பாளி விதை, துவரைக்குக் கேசரிப்பருப்பு என்று கலப்பவர்கள் நம் தொழிலுக்கே பகைவர்கள். 1998-இல் டில்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்ததால் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் நேர்மையாக வியாபாரம் செய்தவரிடமும் கடுகெண்ணெய் வாங்க ஜனங்கள் பயந்தார்கள். சிலர் செய்த பாவத்துக்கு எல்லோரும் தண்டம் கட்ட நேர்ந்தது. 2011 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரக்கில் குறை இருந்தால் விற்றவரும் பதில் சொல்லியாக வேண்டும். பில் இல்லாமல் மலிவாக எடுத்த சரக்குக்கு, அதை யாரிடம் வாங்கினோம் என்று எப்படி நிரூபிப்பது? பில் இல்லாத சரக்கைத் தொடாமல் இருப்பதே நமக்குப் பாதுகாப்பு.

மூன்றாவது, வாடிக்கையாளரின் வசதி. "வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறோம், நேரம் எங்கே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பெண்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆண்களும் கரண்டி பிடிக்க வேண்டிய காலம் இது. நம் பங்குக்குக் கல், தூசு இல்லாமல் புடைத்துச் சலித்த பருப்பைக் கொடுத்தால் சமைப்பவருக்குக் கால்மணி நேரம் மிச்சம். தனியாகத் தங்கி வேலை பார்க்கும் இளைஞர் நூறு கிராம் பாசிப்பருப்பும் ஐம்பது கிராம் சீரகமும் கேட்டால் முகம் சுளிக்காமல் நிறுத்துக் கொடுக்க வேண்டும். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோவுக்கு உட்பட்ட, முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டபோது, கண்ணெதிரே எடைபோட்டுத் தரும் சில்லறைக்கு அந்த வரி கிடையாது என்று அரசே விளக்கம் சொன்னது. நம் தராசுக்கு மிஞ்சியிருக்கும் சிறு சாதகம் இது. அதை நாமே கைவிட்டு, எல்லாவற்றையும் கம்பெனிப் பாக்கெட்டாக அடுக்கி வைப்பானேன்?

இடவசதி உள்ளவர்கள் கடை வாசலில் ஒரு கூடை முருங்கைக்காய், ஒரு தட்டு மாங்காய், நாலு பூசணிக்கீற்று வைக்கலாம். இடமில்லாதவர்கள் பக்கத்துக் காய்கறிக் கடைக்காரரோடு பேசி வைத்துக்கொள்ளலாம். அவர் கடையில் காய் வாங்குபவர் நம்மிடம் பருப்பு வாங்குவார். நம்மிடம் வருபவரை நாம் அவரிடம் அனுப்புவோம். கடைப் பலகையில் "இன்று புதுப்புளி வந்திருக்கிறது", "டெல்டா உளுந்து புதுசு" என்று சாக்பீஸால் ஒருவரி எழுதிப் போட என்ன செலவு? சமையல் தெரியாத இளம் தம்பதிகள் வந்தால், மாங்காய்ப் பருப்புக்கு என்னென்ன வேண்டும் என்று நாமே எடுத்துக் கொடுத்துச் செய்முறையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லலாம். கைபேசிக் கம்பெனி எவ்வளவு விரைவாகக் கொண்டுவந்து போட்டாலும், வாசலில் நின்று இந்த வார்த்தையைச் சொல்லாது.

மே 5 வணிகர் தினமும் இந்த இளவேனிலில்தான் வருகிறது. அன்று நம் உரிமைகளைப் பற்றி உரக்கப் பேசுவோம். அதோடு ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் ஒரு தீர்மானம் செய்துகொள்ளட்டும்: சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் புதுச்சரக்கைத் தனியாக, தேதி சொல்லி, கலப்பின்றி விற்பது; வாடிக்கையாளர் முன்னிலையில் எடைபோட்டுக் கொடுப்பது. இதற்கு அரசாணை தேவையில்லை, முதலும் தேவையில்லை. நம் தெருவில் அணைந்துகொண்டிருக்கும் அடுப்புகளில் பத்து அடுப்பு மீண்டும் எரிந்தாலும், அந்தப் பத்து வீட்டின் சாமான் சீட்டும் நம் கடைக்குத் திரும்பி வரும்.